அறிந்தோர் வாதமும் ஆதாய முரண்பாடும்
(ஐக்கிய அமெரிக்காவின் செவிக்கருவிச் சட்டம் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

ஐம்பொறிகளுள்ளே செவி, அறிவு புகும் பெருவாயில். கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கெனத் தனி அதிகாரம் ஒன்றைத் திருவள்ளுவர் வகுத்தமையும் இதுபற்றியே போலும். இவ்வாயில் முதுமையிற் சிறிது சிறிதாக அடைபடுதல் மக்களுட் பெரும்பாலார்க்கு நேர்வதொன்றாம். பிறர் பேசுவது விளங்காதபோதும் விளங்கியதுபோலத் தலையசைத்து, நாளடைவிற் கூட்டத்தினின்றும் ஒதுங்கி, வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்துவிடும் முதியோர் எந்நாட்டிலும் உளர். அவர்க்கு உதவுதற்பொருட்டு எழுந்ததே செவிப்புலனுதவிக் கருவி. அக்கருவியை யார் விற்கலாம், யார் வாங்கலாம், எவருடைய அனுமதியோடு வாங்கலாம் என்னும் வினாக்கள் ஐக்கிய அமெரிக்காவில் அறுபதாண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டுவந்தன. அவ்வாராய்ச்சியின் வரலாறு செவிக்கருவியைப் பற்றியது மாத்திரமன்று; ஒரு துறையில் அறிவுடையோர் அத்துறை பற்றிய சட்டத்துக்காக வாதிடும்போது அவர் சொல்லை எங்ஙனம் மதிப்பிடுதல் வேண்டும் என்பதையும் அது கற்பிக்கின்றது.

இரு கருவிகள், இரு நீதிகள்

அமெரிக்காவிலே வெள்ளெழுத்து நேர்ந்த ஒருவர் மருந்துக்கடைக்குச் சென்று, அங்கு தொங்கும் வாசிப்புக் கண்ணாடிகளுள் இரண்டு மூன்றை அணிந்து பார்த்து, ஏற்றதொன்றைச் சில டொலர் கொடுத்து வாங்கிச் செல்வது நெடுங்கால வழக்கம். அவரே செவிப்புலனிற் சிறு குறையுடையவராயின் அங்ஙனம் செய்தல் 2022ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 17ஆந் தேதி வரையும் இயலாதிருந்தது. அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவரிடஞ் சென்று, சோதனை செய்வித்து, அவர் தெரிந்துதரும் கருவியை அவர் கூறும் விலைக்கு வாங்கவேண்டியிருந்தது.

அவ்விலை எளியதன்று. சனாதிபதியின் விஞ்ஞான, தொழினுட்ப ஆலோசகர் சபை 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2014ஆம் ஆண்டில் ஒரு கருவியின் சராசரி விலை 2,363 டொலர். இரு செவிக்கும் வேண்டுவோர் அதனை இரட்டித்துக் கொள்ளல் வேண்டும். முதியோர்க்கென 1965இல் இயற்றப்பட்ட மெடிகெயர் என்னும் காப்புறுதிச் சட்டம் செவிக்கருவியைத் தன் எல்லைக்குப் புறம்பாக்கிற்று. ஆகவே கருவி பெரிதும் வேண்டப்படும் வயதினரே அதன் விலையைத் தம் கையினின்றும் கொடுக்க நேர்ந்தது. கருவியாற் பயன்பெறக்கூடிய வளர்ந்தோருள் நூற்றுக்கு 67 முதல் 86 வரையானோர் அதனை அணிவதில்லை என அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2016இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இதற்கு விலை மாத்திரம் காரணமன்று. வெட்கமும், குறையை உணராமையும், கருவியின் இயல்பும் காரணங்களே. எனினும் சட்டத்தினால் மாற்றத்தக்கன விலையும் வழியுமேயாம்.

நலன் முரண்பாடு என்பது யாது?

ஒருவன் பிறர்பொருட்டு ஒன்றைத் தீர்மானிக்கும் கடமையை ஏற்றிருப்ப, அத்தீர்மானத்தினாலே தனக்கும் ஆதாயமோ நட்டமோ விளையுமாயின், அந்நிலை நலன் முரண்பாடு எனப்படும். அது தன்னளவிற் குற்றம் அன்று. குற்றம் புகுதற்குரிய வாயில் என்பதே பொருந்தும். சோதித்தவரே விற்பவருமாயின், 'உமக்குக் கருவி வேண்டியதில்லை' என்று சொல்லுந்தோறும் அவர் தமது வருவாயை இழக்கின்றார். அங்ஙனம் இழந்தும் உண்மை சொல்வோர் பலர் உளர். ஆயினும், நல்லோரின் நன்மையை நம்பி மாத்திரம் ஒரு நாட்டின் சட்டத்தை அமைத்தல் இயலாது.

இம்முரண்பாடு இரண்டு இடங்களிலே தோன்றும். ஒன்று, சோதனை அறையிலே தனியொருவரிடத்து. மற்றொன்று, சட்டசபையின் முன்னிலையில் தொழிற்சங்கத்தினிடத்து. முன்னதை யாவரும் எளிதில் உணர்வர். பின்னதை உணர்தல் அரிது. சங்கம் பேசும்போது ஓர் ஆளின் ஆதாயம் வெளிப்படுவதில்லை. 'நோயாளரின் பாதுகாப்பு' என்னும் பொதுச்சொல்லே வெளிப்படும். அச்சொல் பெரும்பாலும் பொய்யன்று. உண்மையோடு ஆதாயமும் ஒரே திசையிற் செல்லும் என்பதே அதிலுள்ள சிக்கல்.

இச்சிக்கல் செவிக்கருவிக்கு மாத்திரம் உரியதன்று. வட கரோலினா மாகாணத்தின் பல்வைத்தியப் பரீட்சகர் சபையில் உறுப்பினருட் பெரும்பாலார் பல்வைத்தியர்களே. பற்களை வெண்மையாக்கும் தொழிலைப் பல்வைத்தியரல்லாதோர் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கியபோது, சபை அவர்களைத் தடுத்தது. அமெரிக்க உயர்நீதிமன்றம் 2015இல் அவ்வழக்கைத் தீர்த்து, ஒரு சபை அத்தொழிலைச் செய்வோரின் ஆட்சிக்குட்பட்டிருக்குமாயின், மாகாண அரசு அதனை உண்மையாகவே மேற்பார்வை செய்தாலன்றி, போட்டியைத் தடுத்தற்கு அச்சபைக்குச் சட்டவிலக்கு இல்லை என்று கூறிற்று. அரசின் பெயரைச் சூடிக்கொண்டமையால் மாத்திரம் ஆதாயம் பொதுநலமாகிவிடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஒரு தொழில் தனக்குத்தானே இட்ட வேலி

இரண்டாம் உலகப் போரிலே செவிப்புலன் கெட்டு மீண்ட போர்வீரர் பலர். அவர்க்கெனப் பென்சில்வேனியா மாகாணத்துப் பட்லர் நகரில் இயங்கிய இராணுவ வைத்தியசாலையிற் பணிபுரிந்தவர் றேமண்ட் காகாட் என்பார். பல கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக அணிவித்துப் பேச்சொலியால் அளந்து, ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையொன்றை அவர் 1946இல் வெளியிட்டார். செவிப்புலவியல் என்னுந் துறை இவ்வாறு வேரூன்றிப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது.

அத்துறையினரைத் தன்னகத்தே கொண்டிருந்த அமெரிக்கப் பேச்சு, செவிப்புலச் சங்கம் தன் ஒழுக்கவிதிகளில் ஒரு வேலியை இட்டிருந்தது. சங்கத்து உறுப்பினர் செவியைச் சோதிக்கலாம்; கருவி தெரிந்து கூறலாம்; ஆனால் ஆதாயத்துக்காகக் கருவி விற்றலாகாது. விற்பவர் வேறு, தெரிந்து கூறுபவர் வேறு. மருந்தெழுதும் வைத்தியனே மருந்துக்கடைக்கும் உரியவனாதல் தகாது என்னும் கொள்கையே இதற்கு அடிப்படை. அதாவது, நலன் முரண்பாட்டை நன்குணர்ந்து, அதனின்றும் விலகிநிற்கத் தாமே முயன்றவர் செவிப்புலவியலார். இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

விற்பனையோ வேறொரு வகுப்பாரின் கையில் இருந்தது. அவருட் பலர் வீடுவீடாகச் சென்று விற்றனர். விலைபற்றியும், விற்கும் முறைபற்றியும் முறைப்பாடுகள் மிகுந்தன. செனற்சபையாளர் எஸ்ற்றெஸ் கீபோவரின் தலைமையிலான உபகுழு 1962இல் செவிக்கருவிகளின் விலையை விசாரணை செய்தது. றால்ப் நேடரின் இயக்கத்தைச் சார்ந்த ஓய்வுபெற்ற தொழிலறிஞர் குழுவொன்று 1973இல் இவ்வணிகத்தைக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வைத்திய உபகரணங்களைப் பற்றிய சட்டத்திருத்தம் 1976இல் நிறைவேறவே, செவிக்கருவிக்கு விதி செய்யும் பொறுப்பு உணவு, மருந்து நிருவாகத்தைச் சார்ந்தது.

அப்போது மூன்று வகுப்பார் அந்நிருவாகத்தின் முன் நின்றனர். கருவி வாங்குமுன் வைத்தியரைக் காணுதல் கட்டாயமாதல் வேண்டும் என்றனர் வைத்தியர். செவிப்புலவியலாரின் சோதனை கட்டாயமாதல் வேண்டும் என்றனர் செவிப்புலவியலார். இரண்டும் வேண்டா என்றனர் விற்பனையாளர். ஒவ்வொருவரும் பொதுநலத்தின் பெயராலேயே பேசினர். ஒவ்வொருவர் கூறிய மருந்தும் அவரவர் வாயிலூடாகவே வாங்குவோனைச் செலுத்துவதாயிருந்தது.

நிருவாகம் 1977இல் வெளியிட்ட விதி இவற்றுக்கிடையே ஒரு சமாதானம் ஆயிற்று. வாங்குமுன் ஆறு மாதத்துள் வைத்தியசோதனை நடந்திருத்தல் வேண்டும். ஆயினும் 18 வயது நிரம்பியோர் ஒரு தாளிற் கையொப்பமிட்டு அதனை வேண்டாமென விடலாம். செவிப்புலவியற் சோதனை கட்டாயமாக்கப்படவில்லை. கையொப்பத்தாள் காலப்போக்கில் வெறுஞ் சடங்காயிற்று.

வேலி நீங்கிய விதம்

அதற்கடுத்த ஆண்டு எதிர்பாராத திசையிலிருந்து மாற்றம் வந்தது. பொறியியலாளர் தம்முள் விலைப்போட்டியில் ஈடுபடலாகாது என அவரது தேசியச் சங்கம் ஓர் ஒழுக்கவிதி செய்திருந்தது. விலைப்போட்டி தரத்தைக் கெடுக்கும். தரங்கெட்டாற் பாலமும் கட்டடமும் இடியும் என்பது அச்சங்கத்தின் வாதம். உயர்நீதிமன்றம் 1978இல் அவ்வாதத்தை மறுத்தது. போட்டியே தீதென்று கூறி அதனைத் தடுக்க ஒரு சங்கத்துக்கு உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று.

அவ்வழக்குச் செவிப்புலவியலாரைப் பற்றியதன்று. ஆயினும் தம்முடைய விற்பனைத் தடையும் அவ்வாறே சட்டத்துக்கு மாறானதெனக் கொள்ளப்படுமோ என்னும் அச்சம் எழுந்தது. சங்கத்துக்குள்ளேயும் விற்பனையை விரும்பியோர் பலர் இருந்தனர். அதன் பின்னர்ச் சங்கம் தடையை நீக்கிற்று. நலன் முரண்பாட்டைத் தடுக்க எழுந்த வேலி, வணிகப் போட்டியைக் காக்க எழுந்த சட்டத்தின் நிழலிலே வீழ்ந்தது.

இதனால் நன்மையே விளையவில்லை என்றல் நடுவுநிலைமை ஆகாது. சோதித்தவர் ஒருவர், விற்றவர் வேறொருவர் என்றிருந்த காலத்தில், கருவி பொருந்தாவிடின் ஒருவர் மற்றவர்மேற் பழிபோட்டனர். முதியவர் இருவர்க்குமிடையே அலைந்தார். பயிற்சி குறைந்தவர் கையிலிருந்த பணி, பல்கலைக்கழகம் பயின்றவர் கைக்கு வந்தது. ஆயினும் முன்பு சம்பளம் பெற்று ஆலோசனை கூறியவர், இப்பொழுது கருவியின் விலையினின்றும் தம் சீவனத்தைப் பெறலாயினர்.

அவ்விலை அமைந்த விதமும் கவனித்தற்குரியது. சோதனை, கருவி, பொருத்துதல், பின்னர்ப் பலமுறை வந்து திருத்திக்கொள்ளுதல் ஆகிய யாவும் ஒரே தொகையாகக் கட்டப்பட்டன. வாங்குவோர், கருவிக்கு எவ்வளவு, சேவைக்கு எவ்வளவு என்று அறியார். திரும்பிவாராத முதியவரும், தாம் பெறாத சேவைக்குப் பணங்கொடுத்தவராவர். சேவையின் மதிப்புத் தனியே தோன்றாமையால், கருவி மலிந்தாற் சேவையாளரின் ஊதியமும் மறைந்துவிடும் என்னும் நிலை உண்டாயிற்று. மலிவான கருவியைச் செவிப்புலவியலார் அஞ்சினமைக்கு வேர் இதுவே. அவ்வச்சத்தைப் பேராசை என்று தள்ளிவிடலாகாது; தம் கல்விக்குரிய கூலியை ஒரு பொருளின் விலைக்குள் மறைத்துவைக்க நேர்ந்த ஒரு தொழிலின் துன்பம் அது.

கருவி செய்வோரும் இதற்குத் துணைநின்றனர். உலகச் சந்தையின் மிகப்பெரும் பங்கு ஐந்து நிறுவனக் குழுக்களின் கையிலாயிற்று. அவற்றுட் சில தமக்கென விற்பனை நிலையங்களையும் நடாத்தலாயின. விற்பனையைப் பொறுத்துப் பரிசிலும் பயணமும் அளிக்கும் வழக்கமும் பரவியிருந்தது. இதன் தீங்கை உணர்ந்த செவிப்புலவியலாரின் இரு சங்கங்கள் 2003இல் இத்தகைய தூண்டுதல்களை ஏற்றல் பற்றி நெறிமுறைகள் வகுத்தன. பழைய வேலியின் ஒரு பகுதியையேனும் மீள நாட்ட அத்தொழிலே முயன்றது என்பதற்கு இது சான்று.

வாயில் திறந்த வரலாறு

முற்கூறிய ஆலோசகர் சபை 2015இலும், தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2016இலும் ஒரே முடிபினைக் கூறின: மென்மையானதும் நடுத்தரமானதுமான செவிக்குறைவுக்கு உரிய கருவிகளைக் கடையில் நேரே வாங்க வழிசெய்தல் வேண்டும். 1977ஆம் ஆண்டின் வைத்தியசோதனை விதியாலும் கையொப்பத்தாளாலும் நோயாளர்க்கு மெய்யான பயன் விளைந்ததற்குச் சான்றில்லை என்றும் அக்கழகங்கள் கண்டன. நிருவாகம் 2016 டிசெம்பரில், வளர்ந்தோர் திறத்தில் அவ்விதியை இனி வலியுறுத்தப்போவதில்லை என அறிவித்தது.

அவ்வாண்டு டிசெம்பரிலேயே, அரசியலில் எதிரெதிர்க் கட்சியினரான செனற்சபையாளர் எலிசபெத் வாரனும் சக் கிறாஸ்லியும் இணைந்து ஒரு சட்டமூலத்தைக் கொணர்ந்தனர். அது 2017 ஓகஸ்ட் 18ஆந் தேதி சட்டமாயிற்று. கடையில் இத்தகைய கருவி விற்பதைத் தடுக்கும் மாகாண விதிகள் செல்லாவென்றும், மூன்றாண்டுக்குள் நிருவாகம் விதிநகலை வெளியிடல் வேண்டும் என்றும் அச்சட்டம் பணித்தது. அம்மூன்றாண்டும் கழிந்தன, நகல் வரவில்லை. 2021 யூலையில் சனாதிபதி பைடன் ஆணையிட்ட பின்னரே, அவ்வாண்டு ஒக்ரோபரில் நகல் வெளிவந்தது. இறுதி விதி 2022 ஓகஸ்டில் வெளியாகி ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கும் விதிக்குமிடையே ஐந்தாண்டு சென்றன. எண்பது வயதினர்க்கு ஐந்தாண்டு என்பது சிறுகாலமன்று.

டெசிபெல் பற்றிய வழக்கு

இவ்வைந்தாண்டில் நிகழ்ந்த வாதங்களுள் முதன்மையானது ஒலியளவு பற்றியது. அதனை அறிய இரண்டு சொற்களைப் பிரித்துணர்தல் வேண்டும். கருவி, வந்த ஒலியை எவ்வளவு கூட்டித் தருகின்றது என்பது பெருக்கம். எவ்வளவு கூட்டினும் செவிக்குள் விடும் ஒலி எந்த எல்லையைத் தாண்டாது என்பது உச்ச வெளியீடு. 60 டெசிபெல் அளவான சாதாரணப் பேச்சு, 25 டெசிபெல் பெருக்கமுள்ள கருவியினூடாக 85 டெசிபெல்லாகக் கேட்கும். உச்ச வெளியீடு, பேரொலி திடீரென எழும்போது செவியைக் காக்கும் அணைபோன்றது.

செவிப்புலவியலாரும் விற்பனையாளரும் அடங்கிய நான்கு சங்கங்கள் 2018இல் ஒருமித்து ஓர் ஆவணம் வெளியிட்டன. உச்ச வெளியீடு 110 டெசிபெல்லுக்கும், பெருக்கம் 25 டெசிபெல்லுக்கும் மேற்படலாகாது என்பது அவற்றின் கோரிக்கை. ஒருகாலத்திற் 'சோதிப்போர்', 'விற்போர்' என எதிர்நின்ற வகுப்பார் இப்பொழுது ஒரே தாளிற் கையொப்பமிட்டனர். பெருக்கத்துக்கு இத்துணைக் குறுகிய எல்லை விதித்தால், நடுத்தரக் குறைவுடையார்க்குக் கருவி பயன்படாது. பயன்படாத கருவியை வாங்கியோர் ஏமாந்து மீண்டும் பழைய வாயிலுக்கே வருவர் என்று எதிர்த்தரப்பார் கூறினர்.

நிருவாகம் வெளியிட்ட நகலில் உச்ச வெளியீடு 115 டெசிபெல் என்றும், ஒலிக்கேற்பப் பெருக்கத்தைத் தானே சுருக்கும் அமைப்பும் ஒலியளவை மாற்றும் வசதியும் உள்ள கருவிக்கு 120 என்றும் இருந்தன. பெருக்கத்துக்கு எல்லை இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கருத்துரைகள் வந்து குவிந்தன. அவற்றுட் பல ஒரே அச்சில் வார்த்தவை என்றும், அவற்றின் பின்னே பெருநிறுவனங்களின் கை இருந்தது என்றும் செனற்சபையாளர் இருவரும் 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர்.

இறுதி விதியில் நிருவாகம் செய்ததென்ன? உச்ச வெளியீட்டை 111, 117 எனக் குறைத்தது. பெருக்கத்துக்கு எல்லை விதிக்க மறுத்தது. இவ்வொரு செயலிலே இவ்வரலாற்றின் பாடம் முழுவதும் அடங்கியுள்ளது. பேரொலி செவியைக் கெடுக்கும் என்பது யார் சொல்லினும் உண்மை. சங்கங்கள் கூறினமையால் அது பொய்யாகிவிடவில்லை. ஆகவே அது ஏற்கப்பட்டது. பெருக்க எல்லையோ, உச்ச வெளியீடு தடுக்கும் தீங்கினும் மேலான தீங்கொன்றைத் தடுப்பதாகக் காட்டப்படவில்லை. கருவியின் பயனைக் குறைப்பதாகவே தோன்றிற்று. ஆகவே அது விடப்பட்டது. வாதம் ஒன்றே, அதனுள் ஏற்கத்தக்கதும் தள்ளத்தக்கதும் கலந்திருந்தன. நெல்லையும் பதரையும் ஒரே சுளகிற் புடைத்துப் பிரிப்பதுபோலவே அவை பிரிக்கப்பட்டன.

வைத்தியசோதனை பற்றிய பழைய கவலையும் அவ்வாறே பயன்பட்டது. செவியில் நோவு, சீழ் வடிதல், திடீரெனக் கேள்வி குன்றுதல், ஒரு செவி மாத்திரம் கெடுதல், தலைச்சுற்று முதலியன வைத்தியரை நாடவேண்டிய குறிகள் என 1977ஆம் ஆண்டின் விதி தொகுத்திருந்தது. அக்குறிகளையொத்த எச்சரிக்கை இன்று கடையில் விற்குங் கருவியின் பெட்டியில் அச்சிடப்படுகின்றது. வாயிற் காவலனிடமிருந்த அறிவு வாங்குவோன் கையிற் சேர்ந்தது.

சான்றுகள் கூறுவன

தொழிலறிஞரின் உதவியின்றி வாங்குவோர் பயன்பெறுவரோ என்பதை ஊகத்தினாலன்றிச் சோதனையினாலே அறிதல் வேண்டும். இந்தியானாப் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 55 முதல் 79 வயது வரையான 154 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்குச் செவிப்புலவியலார் முறைப்படி பொருத்தினர். இரண்டாம் பிரிவினர் அதே கருவியைத் தாமே தெரிந்து அணிந்தனர். மூன்றாம் பிரிவினர்க்கு அளிக்கப்பட்ட கருவி ஒலியைப் பெருக்காதது. அன்றியும், ஒவ்வொரு பிரிவிலும் சிலரிடம் இரு கருவிக்கு 600 டொலரும், சிலரிடம் 3,600 டொலரும் பெறப்பட்டன.

ஆறு வாரத்தின் பின் முதலிரு பிரிவினரும் பயனடைந்தமை காணப்பட்டது. கூடிய விலை கொடுத்தவர் கூடிய பயன் பெற்றிலர். இது கடைவிற்பனையை ஆதரிப்போர்க்கு வலுவளிப்பது. ஆனால் சோதனை முடிவிற் கருவியைத் தம்மிடம் வைத்துக்கொள்ள விரும்பியோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 81. இரண்டாம் பிரிவில் 55. மூன்றாம் பிரிவில் 36. இது செவிப்புலவியலாரை ஆதரிப்பது. தெரிந்தவர் ஒருவர் அருகிருந்து பொருத்துவதில் மெய்யான நன்மை உண்டு; அந்நன்மையின்றியும் கருவி பயன்தரும். இரண்டும் உண்மை.

தென்னாபிரிக்காவின் பிரித்தோரியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, தாமே பொருத்திக்கொண்டவர்க்கும் செவிப்புலவியலாராற் பொருத்தப்பெற்றவர்க்கும் ஆறு வாரத்தின் பின் ஒப்பான பயன் கிட்டியதெனக் கண்டது. அவ்வாய்வாளருட் சிலர் அக்கருவியோடு தொடர்புடைய நிறுவனத்தைச் சார்ந்தவர் என்பதும் அங்கேயே வெளிப்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே நலன் முரண்பாடு பழைய தொழிலினர்பால் மாத்திரம் உள்ளதென எண்ணற்க. வாயிலைத் திறக்க வேண்டுவோர்க்கும் திறந்த வாயிலில் விற்பதற்குச் சரக்கு உண்டு. போஸ் என்னும் ஒலிக்கருவி நிறுவனம் 2018இல் தானே பொருத்திக்கொள்ளும் செவிக்கருவிக்கு அனுமதி பெற்று, 2022இல் அவ்வணிகத்தினின்றும் விலகிற்று. அப்பிள் நிறுவனம் தன் காதொலிபெருக்கியைச் செவிக்கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு 2024 செப்ரெம்பரில் அனுமதி பெற்றது. இவர்தம் நோக்கமும் அறம் மாத்திரமன்று.

புதிய விதியிலும் குறையுண்டு. பொருந்தாத கருவியைத் திருப்பி ஏற்குமாறு அது விற்போரைக் கட்டாயப்படுத்தவில்லை. திருப்பி ஏற்பாரா என்பதைப் பெட்டியில் அறிவித்தாற் போதும் என்றது. தம் குறைவு மென்மையானதோ கடுமையானதோ என்பதை வாங்குவோரே ஊகித்தல் வேண்டும். முதற்கருவியால் ஏமாந்தவர் இரண்டாவதை நாடாது விடுதலும் கூடும் என்று செவிப்புலவியலார் கூறியது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

முடிபு

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்க தெளிவு யாது? அறிந்தோர் சொல்லை, அவர்க்கு ஆதாயம் உண்டென்னுங் காரணத்தாற் புறக்கணித்தல் பேதைமை. அங்ஙனம் புறக்கணிப்பின் செவியைப் பற்றிச் செவிப்புலவியலாரிடம் கேளாது வேறு யாரிடம் கேட்பது? அவர் அறிந்தோர் என்னுங் காரணத்தால் அப்படியே ஏற்றலும் பேதைமையே. சொல்லுபவரை விட்டுச் சொல்லப்பட்டதை எடுத்து மூன்று வினாக்களை வினவுதல் வேண்டும். அவர் அஞ்சும் தீங்கு மெய்யாகவே நிகழ்கின்றதா? அவர் கூறும் மருந்து அத்தீங்குக்கு அளவானதா, அன்றி அவரது வாயிலுக்கு அளவானதா? அம்மருந்தினால் வெளியே நிறுத்தப்படுவோர் எத்துணையர்? மூன்றாவது வினாவே பெரிதும் மறக்கப்படுவது. தவறான கருவியால் இடர்ப்பட்ட ஒருவர் முறைப்பாடு செய்வார். கருவியே இல்லாது மூலையில் அமர்ந்திருக்கும் பலர் முறைப்பாடு செய்வதில்லை. அவர்க்குச் சங்கமும் இல்லை.

தொழிலினர்க்கும் இதில் ஒரு வழி உண்டு. கருவியின் விலையைச் சேவையின் கூலியினின்றும் பிரித்து வெளிப்படையாகக் கூறுவாராயின், மலிந்த கருவி அவர்க்குப் பகையாகாது. கடையில் வாங்கிய கருவியோடு வருவோனும் அவரிடம் கற்க வருபவனே ஆவான். ஒருகாலத்திற் சோதிப்பவர் விற்கலாகாது எனத் தமக்குத்தாமே வேலியிட்ட தொழில் அது. அவ்வேலியின் பொருளை அத்தொழிலினர் அறியாதவரல்லர். நலன் முரண்பாட்டை அறவே நீக்குதல் மனிதர்க்கு அரிது. அதனை ஒளியாது வெளியே வைத்தல் எவர்க்கும் எளிது. ஒரு முதியவர் தம் பேரப்பிள்ளையின் மழலையைக் கேட்கும் நாள் ஒன்று முந்துவதும் பிந்துவதும் இத்தகைய வெளிப்படையைப் பொறுத்திருக்கின்றன.